கணுக்காலைப் பிடிப்பது எது

“எது கெட்டி?” என்று கேட்டார் டாக்டர் ஞானதிரவியம். “ரெண்டு ஸ்க்ரூவா, மூணு ஸ்க்ரூவா, முன்பக்கம் பிளேட்டா, குதிகால் வழியா ராடா?”

“எதுக்கு எதிரா?” என்றாள் ஜெமிமா.

அவர் முழித்தார்.

“எதுக்கு எதிரான்னா? கெட்டின்னா கெட்டிதான.”

“கதவு கெட்டியான்னு கேட்டா, காத்துக்கா திருடனுக்கான்னு நான் கேப்பேன் சார்.”

ஜெமிமாவும் டாக்டர்தான். கணுக்காலுக்கும் பாதத்துக்கும் மட்டுமே கத்தி எடுப்பவள். வயது நாற்பத்தொன்று. ஞானதிரவியத்துக்கு ஐம்பத்தாறு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் இவர் ஆபரேஷன் செய்வார், அவள் எதிரே நின்று சதையை விலக்கிக் கொக்கி பிடிப்பாள். கொக்கி ஒரு நூல் நகர்ந்தால் திட்டுவார்.

இன்று அவர் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

“ஜெமிமா, விளையாடாத. எனக்கு ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்கு.”

அவருக்கு இல்லை. செண்பகவடிவுக்கு.

*

விஷயம் இதுதான். தேய்ந்துபோன கணுக்கால் மூட்டு அசையும்போதெல்லாம் உயிரை எடுக்கும். ஆகவே அசைவையே எடுத்துவிடுவார்கள். மூட்டுக்குள் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கினால், இரண்டும் கூடி ஒரே எலும்பாகும். பிறகு கணுக்கால் மடங்காது. வலிக்கவும் வலிக்காது.

கூடுகிறவரை இரண்டும் நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூவும் பிளேட்டும்.

செண்பகவடிவுக்கு நாற்பத்து மூன்று வயது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது விழுந்து நொறுங்கிய வலது கணுக்கால். ஞானதிரவியம் இரண்டு தடவை கூட்டப் பார்த்துவிட்டார்.

முதல் தடவை இரண்டு ஸ்க்ரூ. இரண்டும் தளர்ந்து ஆடின.

இரண்டாம் தடவை மூன்று ஸ்க்ரூ. ஒன்று நடுவில் முறிந்தது.

எலும்பு கூடவில்லை.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எடுத்திடலாம்னு சொல்லியிருக்காங்க. ஸ்க்ரூவையான்னு கேட்டிருக்கா அந்தம்மா. இல்ல, காலைன்னு சொல்லியிருக்காங்க.”

ஜெமிமா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“திரும்ப என்கிட்டயே வந்து நின்னா. இன்னும் ஒரு தடவை பாருங்க சார், அதுலயும் கூடலைன்னா எடுத்துருங்கன்னா. ஜூன் பன்னிரண்டு தேதி போட்டிருக்கேன். இப்ப சொல்லு. எது கெட்டி?”

“இன்ஜினியரிங் காலேஜ்ல எலும்பை அழுத்திப் பாக்கற மெஷின் இருக்கு. பிளாஸ்டிக் எலும்பு நான் தாரேன். நாலு விதமாவும் போட்டு, நீங்களே அழுத்திப் பாத்துட்டு வாங்க.”

*

ஒரு வாரம் கழித்து வந்தார். கையில் ஒரு நோட்டு. முகத்தில் ரேங்க் கார்டு வாங்கிய களை.

“கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு ஸ்க்ரூதான் முதல்ல விட்டுது. மூணு ஸ்க்ரூ தாக்குப்பிடிச்சுது. ராடு வளைச்சா தாங்குது, திருகினா கொஞ்சம் விட்டுக்கொடுக்குது. மூணு ஸ்க்ரூவும் முன்பக்கம் ஒரு பிளேட்டும் சேர்ந்தா ராஜா.”

“எவ்வளவு அழுத்தினீங்க?”

“உடையறவரைக்கும்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை. உடைஞ்சப்புறம் எப்படிம்மா ரெண்டாம் தடவை அழுத்த?”

“உடைஞ்சப்ப எவ்வளவு பாரம்?”

“ஒரு ஆள் மச்சுலேருந்து குதிச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.”

“செண்பகவடிவு எந்த மச்சுலேருந்து குதிச்சாங்க?”

“குதிக்கலையே.”

“அப்ப யாருக்காக சார் இந்தச் சோதனை?”

அவர் நோட்டை மூடினார். களையும் போய்விட்டது.

“திரும்பப் போங்க. மெல்ல அழுத்துங்க. பிள்ளை கையால தள்ளற மாதிரி. ஆனா விடாம அழுத்துங்க.”

“எத்தனை தடவை?”

“அது களைக்கறவரைக்கும்.”

“மெஷினா?”

“ஸ்க்ரூ.”

*

மெஷினுக்கு வேறு வேலை இல்லை. டக், டக், டக் என்று இரண்டு நாள் அழுத்தியது. ஞானதிரவியம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட மட்டும் எழுந்தார்.

மூன்றாம் நாள் ஜெமிமாவின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தார்.

“நாப்பதாயிரம்!”

“என்ன நாப்பதாயிரம்?”

“மூணு ஸ்க்ரூ போட்ட எலும்பு. நாப்பதாயிரமாவது தடவையில ஒண்ணு முறிஞ்சுது. எங்க முறிஞ்சுது தெரியுமா?” எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் சொருகினார். “இந்தா. அந்தம்மாவுக்கு எங்க முறிஞ்சுதோ அதே இடம். நூல் பிடிச்ச மாதிரி.”

“அப்ப அவங்க கணுக்காலை யாரோ நாப்பதாயிரம் தடவை அழுத்தியிருக்காங்க.”

“அதான் இடிக்குது. யாரும் அழுத்தல.”

“தெரியுமா?”

“தெரியும். காலை ஊனக்கூடாதுன்னேன். ஊனல. சத்தியம் பண்ணுதா. நான் நம்புதேன். வாக்கர் வெச்சு ஒத்தக் கால்லதான் கக்கூசுக்குப் போயிருக்கா. பிளாஸ்டர் கட்டுக்குப் பதிலா நான் மாட்டிவிட்ட பூட்ஸோட அடிப்பாகத்தைத் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் கிடையாது.”

“வேலை?”

“வேலை ஒண்ணும் கிடையாது.” கேஸ் ஷீட்டைத் தள்ளினார். “ஹவுஸ்வைஃப்.”

கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டத்துக்கு ஒரு அங்குலம்தான் இடம். ஆண் வந்தால் எந்த ஆபீஸ், என்ன பதவி, உட்கார்ந்த வேலையா நின்ற வேலையா என்று கட்டத்துக்கு வெளியேயும் எழுதுவார்கள். பெண் வந்தால் கட்டத்தில் பாதி மிச்சமிருக்கும்.

“யார் சொன்னது?”

“வீட்டுக்காரர். மினிபஸ் ஓட்டறவர். வீட்ல சும்மாதான் இருக்கா டாக்டர்னாரு.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. சும்மா இருந்தீங்களான்னு கேட்டேன். சும்மாதான் சார் இருந்தேன்னா.”

ஜெமிமா கார் சாவியை எடுத்தாள்.

*

சந்து முனையிலேயே சத்தம் கேட்டது.

டக், டக், டக், டக்.

ஞானதிரவியம் நின்றார். இரண்டு நாள் கேட்ட சத்தம். கொஞ்சம் வேகமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கதவு உயரத்துக்கு நீலத் துணி. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. நீல மலைக்குப் பின்னால் செண்பகவடிவு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த பூட்ஸ் காலில் இருந்தது. பூட்ஸ் மிதிபலகையின் மேல் இருந்தது. பலகை முன்னும் பின்னும் போகப் பூட்ஸும் போய்வந்தது.

“வாங்க சார்! சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்லா. உக்காருங்க. துணிய அந்தப் பக்கம் தள்ளிருங்க.”

“என்னம்மா செய்யறீங்க?”

“சும்மாதான் சார் இருக்கேன்.”

அவர் குரல் ஏறியது. “காலை ஊனக்கூடாதுன்னேன்லா?”

“எங்க ஊனினேன்? உக்காந்துல்லா இருக்கேன்.”

“மிதிக்கிறீங்களே!”

“மிதிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லலையே சார். ஊனக்கூடாதுன்னுதான் சொன்னீங்க.”

“சும்மா இருக்கணும்னேன்!”

“சும்மாதான் சார் இருந்தேன்!” அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “ஆறு வாரம் தெருவுக்குப் போகல. கோயிலுக்குப் போகல. என் தங்கச்சி மக சடங்குக்குக்கூடப் போகல, இன்னைக்கு வரைக்கும் அவ மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்கா. வீட்டுக்குள்ளேயே கெடந்தேன். சமைச்சேன், தொவைச்சேன், தைச்சேன். வேற என்ன செஞ்சேன்? சும்மாதான் இருந்தேன்.”

“அப்பவும் தைச்சீங்களா?”

“அது தீபாவளி நேரம். ஊரே வந்து துணியப் போட்டுட்டுப் போகுது. பூட்ஸ் மாட்டினா மிதி வழுக்கும். பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கிடுவேன்.”

பட்டையைத் தளர்த்தினாளாம். ஞானதிரவியம் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம். மதியச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் கொம்பையா, டாக்டர்களைப் பார்த்ததும் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார்.

“உங்க மனைவி தைக்கிறாங்கன்னு ஏன் சொல்லல?” என்றார் ஞானதிரவியம்.

“அது ஒரு வேலையா டாக்டர்? பொழுது போகணும்லா. சும்மா இருக்கற நேரத்துல தைப்பா.”

செண்பகவடிவு தட்டு எடுக்க எழுந்தாள். வாக்கரைப் பிடித்து, ஒற்றைக் காலால் குதித்து அடுப்பங்கரைக்குப் போனாள். கொம்பையா கை கழுவிவிட்டு உட்கார்ந்து காத்திருந்தார்.

ஜெமிமா மெஷினைக் காட்டினாள்.

“சார், நீங்க உக்காருங்க.”

“நானா?”

“ஒரு காலர் தைங்க.”

உட்கார்ந்தார். மிதித்தார். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி அறுந்தது. முப்பது வருஷம் எலும்பில் துளை போட்ட கைக்கு, ஊசியில் நூல் கோக்க ஐந்து நிமிஷம் ஆனது.

“சார், சக்கரத்தைக் கையால உங்க பக்கம் ஒரு சுத்து சுத்திவிட்டுட்டு மிதிங்க,” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. பார்க்காமலே சொன்னாள். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாம் தடவை ஓடியது. ஜெமிமா மிதியை எண்ணினாள். ஞானதிரவியம் தைத்தது காலர் மாதிரி இல்லை, வாழைப்பூ மாதிரி இருந்தது. ஆனால் முடித்துவிட்டார்.

“முன்னூத்திப் பத்து,” என்றாள் ஜெமிமா.

“அது உங்களுக்கு,” என்றாள் செண்பகவடிவு, சோற்றுத் தட்டைப் புருஷன் முன்னால் வைத்தபடி. “எனக்கு இருநூறு போதும்.”

“ஒரு சட்டைக்கு?”

“யாரு எண்ணினா? ரெண்டாயிரம் இருக்கும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை சட்டை?”

“தீபாவளின்னா நாலு. அதுக்கு மேல இடுப்பு விடாது.”

ஞானதிரவியம் கணக்குப் போட்டார். அஞ்சு நாள். நாற்பதாயிரத்துக்கு வெறும் அஞ்சே நாள். பூட்ஸ் மாட்டி அனுப்பிய பிறகு ஒரு மாதம் தைத்திருக்கிறாள்.

அந்த ஸ்க்ரூ இத்தனை நாள் நின்றதே பெரிது.

*

காரில் அவருக்கு வாய் ஓயவில்லை.

“எதுக்கு எதிரான்னு கேட்டேல்லா? இப்பத் தெரிஞ்சுபோச்சு. முன்பக்கமாவே மடக்குது, ஆயிரம் ஆயிரமா. முன்பக்கம் பிளேட், கூட மூணு ஸ்க்ரூ. சரிதான?”

“சரி.”

“ஆனா என்ன போட்டு என்ன? திரும்ப மிதிச்சா எல்லாம் போச்சு. ரெண்டு ஆபரேஷனையும் அவளேதான கெடுத்துக்கிட்டா? கால் போயிடும்னு தெரியும். தெரிஞ்சும் மிதிக்கா. ஒரு மனுஷியால ஆறு வாரம் சும்மா இருக்க முடியாதா ஜெமிமா? அவ்வளவு கஷ்டமா அது?”

“தெரியல சார். பாத்துச் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். வலது காலை நீட்டச் சொன்னாள். பஞ்சைச் சுற்றினாள். பிளாஸ்டர் பட்டையைத் தண்ணீரில் முக்கினாள்.

“ஏய், என்ன இது? என் கால்ல என்ன கோளாறு?”

“மூணு நாள். ஊனக்கூடாது. மிதிக்கக்கூடாது. சும்மா இருக்கணும்.”

முழங்காலுக்குக் கீழே விரல்வரை கட்டி முடித்தாள். அவரால் அதற்குள் எழுந்து ஓடியிருக்க முடியும். ஓடவில்லை. அந்த மட்டும் அவர் நல்ல சீடர்தான்.

*

மூன்று நாள் கழித்து டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். வெற்றிச் சிரிப்பு.

“சுலபம். ஒரு மயிரிழை அசையல. பாரு, பிளாஸ்டர்ல ஒரு விரிசல் இருக்கா?”

இல்லை.

“ஊனல. மிதிக்கல. நாலு கேஸை ஃபோன்லயே பாத்தேன். ரெண்டு புஸ்தகம் படிச்சேன். எனக்கு முடிஞ்சா அவளுக்கு முடியாதா?”

“சாப்பாடு?”

“படுக்கைக்கே வந்துது.”

“யார் கொண்டு வந்தா?”

“வயலட்தான்.” வயலட் அவர் மனைவி.

“பல் விளக்க?”

“மக்குல தண்ணி, கிண்ணம், எல்லாம் வெச்சிருவா.”

“துணி?”

“அவதான்.”

“கீழே யாராவது வந்து பெல் அடிச்சா?”

“வயலட் இறங்கிப் போய்ப் பாப்பா. நாளைக்கு ஒரு இருபது தடவை ஏறி இறங்கியிருப்பா. முட்டு வலிக்குதுன்னு நேத்து என்னவோ சொன்னா.”

என்ன சொன்னாள் என்று அவருக்கு ஞாபகமில்லை. புத்தகம் சுவாரசியமான இடத்தில் இருந்தது.

ஜெமிமா பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்தாள்.

“சார், மூணு நாள் உங்க காலைப் பிடிச்சது எது?”

“பிளாஸ்டர்.”

அவள் காத்திருந்தாள்.

ஞானதிரவியம் பிளாஸ்டரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“வயலட்,” என்றார்.

“செண்பகவடிவு வீட்டுல வயலட் யாரு?”

அவர் வாயைத் திறந்தார்.

ஜெமிமா பிளாஸ்டர் வெட்டும் ரம்பத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர் பதில் சொன்னாரா, வாயைத் திறந்ததோடு சரியா என்று தெரியவில்லை. ரம்பம் நின்றபோது வாய் மூடியிருந்தது.

*

ஜூன் பதினொன்று. ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

வார்டில் செண்பகவடிவு சக்கர நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் கொம்பையா. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

“அது இருக்கட்டும்,” என்றார் ஞானதிரவியம். “பஸ்ல உங்களுக்கு என்ன வேலை?”

“ஓட்டற வேலைதான் சார்.”

“ஓட்டறதுன்னா சும்மா சீட்டுல உக்காந்திருக்கறதுதான?”

கொம்பையா பேனாவை உதறுவதை நிறுத்தினார்.

“யாரு சார் சும்மா உக்காந்திருக்கா? கிளச்சு, பிரேக்கு, கிளச்சு, பிரேக்கு. ஜங்ஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவுல மட்டும் நூறு மிதி. சாயங்காலம் வீட்டுக்கு வாரப்ப ரெண்டு காலும் கல்லாட்டம் இருக்கும். உக்காந்து மிதிக்கறது அவ்வளவு எளப்பமா உங்களுக்கு?”



செண்பகவடிவு தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

கொம்பையாவும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“எத்தனை வாரம் சார்?” என்று கேட்டார், குரலை இறக்கி.

“பன்னிரண்டு.”

“லீவு தர மாட்டாரு மொதலாளி. காலை டிரிப்பை விட்டுட்டு மத்தியான டிரிப்பா மாத்திக்கிடலாம்.”

“சமையல்?”

“சோறு பொங்குவேன்.”

“குழம்பு?”

“இவ வாயால சொல்லட்டும். நான் கையால செய்யுதேன்.”

“அந்தக் குழம்பத் திங்கறதுக்குக் காலையே எடுத்திரலாம் சார்,” என்றாள் செண்பகவடிவு மின்விசிறியிடம்.

“தையல்?” என்றார் ஞானதிரவியம்.

 ஆவணி வந்தால் கல்யாணம். கல்யாணம் வந்தால் ஜாக்கெட். விட்டால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும், திரும்பி வராது. இது டாக்டருக்கும் இப்போது தெரிந்திருந்தது.

“அதை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் கொம்பையா கடைசியில். எப்படி என்று அவருக்கே தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

பிறகு கையெழுத்துப் போட்டார்.

*

மறுநாள் ஞானதிரவியம் கத்தி பிடித்தார். ஜெமிமா எதிரில் நின்றாள்.

முறிந்த ஸ்க்ரூவைத் தோண்டி எடுத்தார்கள். இடையில் வளர்ந்திருந்த நார் எல்லாவற்றையும் சுரண்டி, ரத்தம் கசிகிற நல்ல எலும்புவரை போனார்கள். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியை அடைத்தார்கள். மூன்று ஸ்க்ரூ, மூன்று திசையில். முன்பக்கம் ஒரு பிளேட்.

ஞானதிரவியம் பாதத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“கெட்டி,” என்றார்.

“இன்னைக்கு,” என்றாள் ஜெமிமா.

*

ஆறாவது வாரம் இருவரும் சொல்லாமல் அந்தச் சந்துக்குப் போனார்கள்.

டக், டக், டக், டக்.

ஞானதிரவியத்தின் முகம் வெளுத்தது. காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து இறங்கினார். ஜெமிமா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் போய் நின்றவர் உள்ளே நுழையவில்லை.

செண்பகவடிவு நாற்காலியில் சாய்ந்து, பிளாஸ்டர் போட்ட காலை ஒரு முக்காலியில் தலையணை வைத்து நீட்டியிருந்தாள். இரண்டு கையும் பட்டு ஜாக்கெட்டை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தன. மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார ஒரு பலகை. அதில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொம்பையா. மிதிபலகையின் மேல் அவருடைய இரண்டு கால்.

“மெதுவா... மெதுவாங்கேன்லா. வளைவு வருது, கைக்குழி வளைவு. பிரேக்! பிரேக்கு!”

மெஷின் நின்றது.

“ஒரு அங்குலம் தாண்டிட்டீங்க. பிரிக்கணும்.”

“நீ லேட்டாச் சொன்னா நான் என்ன செய்ய? முன்கூட்டியே கை காட்டணும்.”

“கைல துணி இருக்கு. எப்படிக் காட்ட? பஸ்லயும் இப்படித்தான் ஸ்டாப்பத் தாண்டி நிறுத்துவீங்களா?”

“ஹாரன் அடிச்சுக்கிட்டே போகட்டுமா?”

“அடிங்க. ஊசி என் விரல்ல ஏறும். அதுக்கும் ஒரு ஆபரேஷன் வைங்க.”

அடுப்பங்கரையிலிருந்து ஏதோ கருகும் வாசனை வந்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை. பிரித்த நூலை அவர் பொறுக்கினார். அவள் துணியைத் திருப்பி வைத்தாள். டக், டக், டக்.

காலைப் பரிசோதிக்க வந்தவர், பரிசோதிக்காமலே காருக்குத் திரும்பினார்.

“அசையுதா?” என்று கேட்டாள் ஜெமிமா.

“வாய் மட்டும்தான்.”

*

பன்னிரண்டாவது வாரம். எக்ஸ்ரே.

ஜெமிமா படத்தை விளக்குப் பலகையில் சொருகினாள். மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவில் மூன்று வருஷமாக இருந்த கறுப்புக் கோடு இல்லை. தேடினார்கள். படத்தைத் திருப்பியும் பார்த்தார்கள்.

“கூடிருச்சு,” என்றாள்.

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

செண்பகவடிவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கொம்பையா கை கொடுக்கப் போனார். அவள் தட்டிவிட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். இடது காலை ஊன்றினாள். வலது காலை ஊன்றினாள். கம்பியை விட்டாள்.

“வலிக்குதா?” என்றார் ஞானதிரவியம்.

“பொறுங்க சார். தேடிப் பாக்கேன்.”

*

செப்டம்பரில் மாவட்டத்து எலும்பு டாக்டர்கள் கூடினார்கள். ஞானதிரவியம் படங்களைத் திரையில் போட்டார். தளர்ந்த இரண்டு ஸ்க்ரூ. முறிந்த ஸ்க்ரூ. கடைசியாக, கோடில்லாத கணுக்கால்.

நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

“மூணாவது தடவை என்னென்ன சார் போட்டீங்க?”

“மூணு ஸ்க்ரூ. முன்பக்கம் ஒரு பிளேட். ஒரு கொம்பையா.”

அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி வார்த்தையில் பேனா நின்றது.

“கொம்பையாவா? அது எந்தக் கம்பெனி சார்?”